நான்காம் நாள் லாரிகள் திரும்பி வந்தன

தக்கலை
18.1.2026

அன்பு சேவியர் மக்கா,

உன் கடிதம் வந்தது ஐப்பசி மழையில். இப்போது தை பிறந்துவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சொல்ல என்னிடம் நியாயம் ஏதும் இல்லை. திட்டுவதானால் திட்டித் தீர்த்துக்கொள். மயினிக்குச் சர்க்கரை கட்டுப்பட்டதா? சின்னவனுக்கு வேலை நிரந்தரம் ஆயிற்றா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வாசலில் வருகிறவர்களைக் குரல் கேட்காமலே அடையாளம் சொல்கிறாள். சாயாக்கடைப் பாட்டா உன்னைக் கேட்டார். நீ வைத்த பாக்கியை அவர் மறக்கவில்லை, நானும் மறக்க விடவில்லை.

நேபாளத்துப் பிள்ளைகள் இரண்டே நாளில் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள், நம் சனங்களுக்கு எப்போது ரோஷம் வரும் என்று கேட்டிருந்தாய். 1981-இல், படிப்பகத்துத் திண்ணையில் உட்கார்ந்து, "இன்னும் ஐந்து வருஷம், அதற்குமேல் தாங்காது" என்று புரட்சிக்கு நாள் குறித்தவன் நீ. அந்த வாய் இன்னும் ஓயவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த முறை உன் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. மார்கழியில் நம் முக்கில் நடந்ததைச் சொன்னால் உனக்கே புரியும்.

வைத்தியர் வீட்டு இளையவன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போவது உனக்குத் தெரியுமே. விடியாத இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனவனை, பாறைக்கல் ஏற்றிப்போன டாரஸ் லாரி ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. உயிர் தப்பியது. இடது கால் முட்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நம் மலைகளை உடைத்துக் கேரளத்துக்கு ஏற்றிப் போகும் வண்டிகள் இராப்பகலாய் இந்தச் சாலையில் ஓடுவதும், வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுவதும், பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிட வேண்டியிருப்பதும் வருஷக்கணக்காய் நடக்கிறது. மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள். அன்று காலை ஏழு மணிக்கு யாரும் யாரையும் அழைக்கவில்லை. சனம் தானாக வந்து சாலையில் உட்கார்ந்தது. நூற்றைம்பது பேர் இருப்போம். ஏழு லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன.

முதல் லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, சாக்கை விரித்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அண்டி ஆபீசில், அதுதான் முந்திரி ஆலையில், தோடு உடைக்கும் வேலைக்குப் போகிற நம் கிழக்குத்தெரு அக்காள். அவள் கைவிரல்களை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். அண்டியின் எண்ணெய் பட்டுப் பட்டு நகக்கண் வரை கறுத்து, பெருவிரலின் தோல் உரிந்து புதுத்தோல் சிவப்பாய்த் தெரிந்தது. மடியில் தூக்குவாளி. வேலைக்கு என்று கிளம்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிவரை எல்லாம் நன்றாகப் போயிற்று. இவ்வளவு பேர் ஒன்றாய்ச் சேர்ந்து உட்கார்ந்ததே பெரிய தெம்பு. பிறகு வெயில் ஏறியது. பின்வரிசையில் நின்ற பையன்களில் ஒருவன் வண்டியின் முதலாளி யார், அவன் எந்தச் சாதி, எந்தக் கோயில்காரன் என்று தொடங்கினான். சேவியர், அந்தப் பேச்சு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் பாய்ந்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். கால் முறிந்தவனை மறந்தார்கள், சாலையை மறந்தார்கள். இரண்டு பேர் லாரிக் கதவைத் திறந்து டிரைவரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். இருபது வயது இருக்கும். ஜார்க்கண்ட் பையன். அவனுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியவில்லை; கையை மட்டும் கூப்பினான். பையனைத் தட்டிய வண்டி அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு 1982 மார்ச் கண்முன் வந்தது. மண்டைக்காட்டில் பற்றிய இந்து-கிறிஸ்தவக் கலவரம் நம் இருவர் ஊருக்கும் நடுவில் சுவராய் எழும்பி, சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உன்னை நான் மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் போனதே. அந்த நாளில் கல்லெடுத்தவர்கள் யார்? என் தெருவில் வேலை கிடைக்காமல் திண்ணை தேய்த்தவர்கள், உன் கரையில் கடனில் மூழ்கியவர்கள். இரண்டு பக்கமும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அது மேலே ஏறவில்லை, பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது. மக்களுக்கு அதிருப்தி இருந்தால் புரட்சி வரும் என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்பது இதனால்தான்.

அன்று காப்பாற்றியது அண்டி ஆபீஸ் அக்காள். எழுந்து போய் அந்தப் பையனின் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் சாக்கில் உட்காரவைத்தாள். தூக்குவாளியின் மூடியில் கஞ்சியை ஊற்றி, பயறும் ஒரு துண்டு துவையலும் வைத்துக் கொடுத்தாள். "இவன் கூலிக்கு ஓட்டுகிறான். நான் கூலிக்கு உடைக்கிறேன். இவனை அடித்தால் கல் நின்றுவிடுமா?" என்று பையன்களைப் பார்த்துக் கேட்டாள். அவ்வளவுதான். ஒருவரும் பேசவில்லை. அந்தப் பையன் குனிந்த தலை நிமிராமல் கஞ்சி குடித்தான்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். பள்ளி நேரத்தில் வண்டி ஓடாது, அதிக பாரம் ஏற்றினால் அபராதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கை தட்டிவிட்டுக் கலைந்தோம். மூன்று நாள் சாலை அமைதியாக இருந்தது. நான்காம் நாள் லாரிகள் திரும்பி வந்தன, காலை எட்டரைக்கு, பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில். திரும்ப உட்காரலாம் என்று பதினொரு பேர் வந்தோம். நான் அக்காளைத் தேடிப் போனேன். "தம்பி, அன்றைக்குக் கூலி போயிற்று. இன்றைக்கும் போனால் கடன்காரன் வாசலில் நிற்பான். என் வீட்டு அடுப்புக்கு வழி சொல், ஒரு மாசம் உட்காருகிறேன்" என்றாள்.

மக்கா, நான் படித்த புத்தகம் ஒன்றிலும் எவரும் என்னிடம் இப்படி நேராகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து உன் நேபாளத்தை வேறு கண்ணால் பார்க்கிறேன்.

அங்கே நடந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. 26 சமூக ஊடகங்களை அரசு தடை செய்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி தெருவில் இறங்கிய பிள்ளைகளில் 19 பேரை அன்றே சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆனார். மொத்தம் 70 பேருக்கு மேல் பலி. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. எரிந்த நீதிமன்றத்தில் எத்தனை ஏழைகளின் வழக்குக் கட்டுகள் சாம்பலாயின என்று நினைத்துப் பார்த்தாயா? தீ வைத்த கைகள் யாருடையவை என்று அந்தப் பிள்ளைகளே அஞ்சிக் கேட்டார்கள். 2026 மார்ச் 5-ஆம் தேதி தேர்தல் என்று அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது கிடைக்கவேண்டும் என்று நான் மனமார வேண்டுகிறேன்.

எகிப்தில் 2011-இல் 18 நாளில் முபாரக் இறங்கினார். இரண்டரை வருஷத்தில் ராணுவம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? உன் தாத்தா கதை சொல்லுவாரே, தலக்குளத்து வேலுத்தம்பி. 1799-இல் திருவிதாங்கூர் திவானின் கொள்ளை வசூல் பொறுக்காமல் நம் நாட்டுச் சனத்தைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே போய் நின்றவர், அந்தத் திவானை இறக்கவும் செய்தார். நம் மண்ணில் சாதாரண மக்கள் நடந்தே போய் அரசனைப் பணியவைத்த நாள் அது. பிறகு அவரே நாட்டை நடத்தும் தளவாய் ஆனார். 1804-இல் படைவீரர்களின் படிப்பணத்தில் கைவைக்கப்போய், அவருக்கு எதிராகவே கலகம் மூண்டது. ஆங்கிலேயர் துணையோடுதான் அதை அடக்கினார். நான்கு வருஷம் கழித்து அதே ஆங்கிலேயரை எதிர்த்து உயிரையும் கொடுத்தார். அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் அன்று கால் கடுக்க நடந்துபோன சனத்துக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வியை விடமாட்டேன்.

இலங்கையைப் பார். 2022 ஏப்ரல் 9-ஆம் தேதி காலிமுகத்திடலில் கூடாரம் போட்டார்கள். ஜூலை 9-இல் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததைத்தான் உலகம் படம் பிடித்தது. அதற்கு முந்தைய மூன்று மாதத்தை யார் பார்த்தார்கள்? அங்கே பொதுச் சமையல் இருந்தது, நூலகம் இருந்தது. கோத்தபய ஓடிய பிறகு ரணில் வந்து, ஜூலை 22 விடியுமுன் படையை அனுப்பிக் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார். தோற்றுவிட்டார்கள் என்றுதான் அன்று நாம் இருவரும் போனில் வருத்தப்பட்டோம். ஆனால் 2024 செப்டம்பரில் அதே சனம் வரிசையில் நின்று வாக்குப் போட்டு, பழைய குடும்பங்கள் ஒன்றுக்கும் சேராத அநுர குமாரவை உட்காரவைத்தது. டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் பனியிலும் வெயிலிலும் இருந்து 2021 நவம்பரில் மூன்று சட்டங்களையும் திரும்பப் பெற வைத்தார்களே, அவர்களைத் தாங்கியது எது? லங்கர் என்கிற சீக்கியரின் பொதுச் சமையல் அடுப்பு. டிராக்டர் டிராக்டராய் ஊர்களிலிருந்து வந்த கோதுமை. ஒரு வீட்டில் ஒருவன் போராட்டத்துக்குப் போனால் மற்றவன் அவன் வயலைப் பார்த்துக்கொண்டான். நம் அக்காள் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் வைத்திருந்தார்கள்.

எரிகா செனோவெத் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1900-லிருந்து 2006 வரை உலகில் நடந்த போராட்டங்களை எண்ணிப் பார்த்து, மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தெருவில் இறங்கிய அறப்போராட்டம் ஏறக்குறையத் தோற்றதே இல்லை என்று கண்டார். நம் மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டேன். 2011 கணக்கில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். 3.5 சதவீதம் என்றால் 65 ஆயிரம். ஒரு நல்ல திருவிழாவுக்கு அதைவிடக் கூட்டம் வரும்! அத்தனை பேருக்கு இரண்டாம் நாள் கஞ்சி காய்ச்சுவது யார் என்பதுதான் எனக்கு இப்போது உறைக்கிற கணக்கு.

உன் கரைக்கு அந்தத் தெம்பு உண்டு. ஒக்கிப் புயலில் போனவர்கள் திரும்பாதபோது, 2017 டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே. உன் அத்தான் படம் சட்டம் போட்டு உன் மடியில் இருந்தது. அன்று இரவு அங்கே யாரும் பசித்திருக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மாதா கோயில் மணி அடித்தது, பங்குப்பேரவை கணக்கெடுத்தது, வீட்டுக்கு வீடு சோறு கட்டியது. எங்கள் மேட்டுநிலத்தில் மணி இல்லை. சாதிச் சங்கம் இருக்கிறது, கட்சிக்கிளை இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு திண்ணை இல்லை.

ஒரு காலத்தில் இங்கும் இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அய்யாவழி கண்ட வைகுண்டரை மன்னர் பிடித்துச் சிறையில் வைத்தாரே, அவர் வாளையா எடுத்தார்? எல்லாச் சாதிக்கும் ஒரே கிணற்றில் தண்ணீர், ஒரே பந்தியில் சோறு, குனிந்து நடந்தவர்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்பது, ஊருக்கு ஊர் கூடிப் பேச ஒரு நிழல்தாங்கல். அரசன் பயந்தது அந்தப் பந்தியைப் பார்த்துத்தான். நம் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக 1822-இல் தொடங்கிய கலகம் 1859 ஜூலையில்தான் அரசாணை பெற்றது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போல அணியக்கூடாது என்ற முள்ளோடுதான் வந்தது. 37 வருஷம், மக்கா. என் பாட்டியின் பாட்டி அடிபட்டு, அவள் மகள் உடுத்தினாள். நான் அதைப் புரட்சி என்றே சொல்வேன். நீ இரண்டு நாளில் நடக்கவில்லை என்று தள்ளிவிடுவாயா?

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: வரும். ஆனால் கோபம் முற்றிவிட்டது என்பதற்காக வராது. கோபம் இங்கே கொட்டிக்கிடக்கிறது. முந்திரிக்கும் ரப்பருக்கும் நல்ல விலை இல்லை, படித்த பிள்ளை வளைகுடாவுக்கு ஓடுகிறது, மலை லாரியில் போகிறது. அந்தக் கோபம் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடப் பழகுமுன் வெடித்தால் 1982 திரும்ப வரும் என்று பயப்படுகிறேன். உண்மையாகவே பயப்படுகிறேன். இராத்திரி அந்த ஜார்க்கண்ட் பையனின் கூப்பிய கை கனவில் வருகிறது.

படிப்பகத்தைத் திறந்துவிட்டோம். நீயும் நானும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த அதே படிப்பகம்தான். பதினாறு வருஷமாய்ப் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். முதல் வாரம் ஒன்பது பேர், போன வாரம் இருபத்திமூன்று. லாரி நம்பர்களையும் நேரத்தையும் ஒரு நோட்டில் முறைவைத்து எழுதுகிறோம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று ஒரு பானை வைத்திருக்கிறோம், அக்காள்தான் பொறுப்பு. பானையில் நேற்று அளந்தபோது பதினொரு கிலோ இருந்தது. டிரைவரைக் கீழே இழுத்த பையன்களில் ஒருவன் வந்து ஓட்டை ஒழுகலை அடைத்துக்கொண்டிருக்கிறான். அவனோடு பேச எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. பேச வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? இரண்டு நாள் முன்பே வா. குழித்துறையில் அந்த இரவை எப்படி நடத்தினீர்கள், சோற்றுப் பொதிகளை யார் கணக்கு வைத்தார்கள், மருந்துக்கு யார் நின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். உன் ஊரிலிருந்து அன்று கணக்கெடுத்த பெண்களில் இரண்டு பேரைக் கூட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது. அக்காள் அவர்களைத்தான் கேட்கிறாள்.

படிப்பகத்துக்கு இன்னும் நாற்பது ஓடு மாற்ற வேண்டும். உன் பங்கை நான் போட்டுவிட்டேன், வரும்போது கொடு. பாட்டாவின் பாக்கியையும்.

உன்,
மணி