ஒரு மணி நேரத்துல மதுரை போயிட முடியாதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன மாசம் உங்க ஞாயிறு இணைப்புல சென்னையிலேந்து மதுரைக்கு விமானத்துல ஒரு மணி நேரம்தான்னு போட்டிருந்தீங்க, எங்க அம்மா அதை கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. அதை நம்பித்தான் கிளம்பினோம், அதனாலதான் இந்த கடிதம்.

அம்மாவுக்கு 74 வயசு, சர்க்கரைக்கு காலைல இன்சுலின் போடுறவங்க. ஏழரைக்கு ஊசி போட்டு மூணு இட்லி சாப்பிட்டாங்க, தயிர்சாதம் கட்டி எடுத்துக்கலாம்மான்னு கேட்டதுக்கு "ஒரு மணி நேரத்துக்கு எதுக்குடா பொட்டலம், பன்னண்டரைக்கு தங்கச்சி வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்துடுவோம்"னு சொல்லிட்டாங்க. பெரம்பூர்ல கார் ஏறினது எட்டரை. கத்திப்பாராவை தாண்டி மீனம்பாக்கம் போக ஒண்ணேகால் மணி நேரம், அப்புறம் பெட்டி போடுற வரிசை, செக்யூரிட்டி வரிசை, 11.20 விமானம் நகர்ந்தது 11.45க்கு. வாட்ச்சை பார்த்துக்கிட்டே இருந்தேன், மேல எழும்பினதுலேந்து மதுரைல தரையை தொட்டது வரைக்கும் 55 நிமிஷம். நீங்க போட்டது தப்புன்னு சொல்லல, ஆனா அது வானத்துல இருக்கிற நேரம் மட்டும்தாங்க.

வீல்சேர் கேட்டவங்களை கடைசியாத்தான் இறக்குவாங்க. பெட்டி வர்ற பெல்ட் பக்கத்துல நிக்கும்போது அம்மா என் கையை புடிச்சாங்க, உள்ளங்கை ஜில்லுன்னு ஈரமா இருந்துச்சு, உதடு நடுங்குது, பேச்சு குழறுது, சாப்பாடு தள்ளிப்போனதுல சர்க்கரை இறங்கிடுச்சு. எங்கிட்ட ஒரு சாக்லேட் கூட இல்ல. பக்கத்துல நின்ன ஒரு காலேஜ் பொண்ணு பையிலேந்து கடலைமிட்டாய் எடுத்து உடைச்சு அம்மா வாயில வெச்சுச்சு, அந்த பொண்ணு நல்லா இருக்கணும். ஒத்தக்கடைல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குள்ள நுழையும்போது ரெண்டு இருபது. ஆக மொத்தம் அஞ்சு மணி அம்பது நிமிஷம்.

நேர்கோட்டுல பார்த்தா ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல சுமார் 420 கிலோமீட்டர்தான், ரோட்டுல போனா 460 சொச்சம், எழும்பூர்லேந்து ரயில் பாதை 493. இதே சென்னையிலேந்து டெல்லி 1,750 கிலோமீட்டருக்கு மேல, தூரம் நாலு மடங்கு, ஆனா டிக்கெட்ல போடுற நேரம் ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஏன்னா ஏறுறது, இறங்குறது, ரன்வேக்கு ஊர்ந்து போறது எல்லாம் கிட்ட இருக்கிற ஊருக்கும் தூரத்து ஊருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மதுரைக்கு போற விமானம் உச்சிக்கு போன கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சிடும். டிக்கெட்ல இருக்கிற ஒண்ணேகால் மணி நேரம்ங்கிறதும் இங்க நின்ன இடத்துலேந்து நகர்ந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள கணக்கு, வீட்டு வாசல் கணக்கு இல்ல. எழும்பூர்ல காலைல அஞ்சு மணிக்கு கிளம்புற வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள்ள மதுரைல விட்டுடுது, உக்காந்த இடத்துல சாப்பாடும் வந்துடும்.

அதனால ஒரு வேண்டுகோள்ங்க. இனிமே பயணப் பக்கத்துல பறக்குற நேரம் போடும்போது பக்கத்துலயே வீட்டுலேந்து வீடு வரைக்கும் தோராயமா எவ்வளவு ஆகும்னும் ஒரு வரி போடுங்க, முடிஞ்சா சர்க்கரை இருக்கிறவங்க கையில சாப்பாடு வெச்சுக்கணும்னு இன்னொரு வரியும். எங்க அம்மா வயசுல இருக்கிற நிறைய பேர் அச்சுல வந்ததை அப்படியே நம்புறவங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை