சமையல்காரன் காலில் ஒரு புண்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் அருகே ஒரு சந்தில் நீல வட்டப் பலகை பார்த்தேன், டாபர்ட் விடுதி இருந்த இடமாம், அதில் என்னம்மா விசேஷம் என்று போனில் கேட்டாய். வருஷா வருஷம் பி.ஏ. பிள்ளைகளுக்கு அந்த விடுதியைத்தானே பாடம் நடத்தினேன்!

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கான்டர்பரி கதைகள்' தொடங்குவது அங்கேதான். 1170இல் கான்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குப் போகிற 29 பேர் ஓர் ஏப்ரல் இரவு அங்கே வந்து தங்குகிறார்கள். வழி அலுப்புத் தெரியாமல் இருக்க ஆளுக்கு நாலு கதை. நல்ல கதை சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து. யோசனை விடுதிக்காரருடையது. விருந்தும் அவர் விடுதியில்தான், விவரமான ஆள்.

அந்தக் கூட்டத்தில் கன்னிமடத் தலைவி, எலி பொறியில் மாட்டினாலே அழுகிறவள். அவள் நாய்களுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் கிடைக்கும். வணிகர் வாயைத் திறந்தால் லாபக் கணக்குதான். கடனில் இருப்பது யாருக்கும் தெரியாது. சமையல்காரன் கெட்டிக்காரன், ஆனால் காலில் ஆறாத புண். அதைச் சொன்ன கையோடு, அவன் கோழியும் அரிசியும் சேர்த்துச் செய்கிற பதார்த்தத்தைச் சாசர் புகழ்வார்! யாரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டார்.

முதலில் வீரர் கதை சொல்கிறார். அடுத்து துறவி என்று விடுதிக்காரர் மரியாதை வரிசை பார்க்க, குதிரையில் உட்கார முடியாத போதையில் மாவு மில்காரன் குறுக்கே விழுகிறான். அவன் சொல்வது ஏமாந்த தச்சன் கதை. பண்ணைக் கணக்கர் பழைய தச்சர், பொறுப்பாரா? பதிலுக்கு மில்காரன் ஏமாறும் கதை. மில்காரன் கதையை வகுப்பில் பாதியில் நிறுத்திவிடுவேன். மீதியைக் கடைசி பெஞ்சு நூலகத்தில் தேடிப் படித்துவிடும்.

சாசர் 1374 முதல் 12 வருஷம் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குப் பார்த்தவர். குடியிருந்தது ஆல்ட்கேட் கோட்டை வாசலுக்கு மேலே. 1381 குடியானவர் கலகத்தில் கூட்டம் அந்த வாசல் வழியாகவும் நகருக்குள் புகுந்தது. கலகக்காரன் ஒருவன் பெயரைச் சொல்லி அதைச் சாசர் குறிப்பிடுவது ஒரே இடம்: ஒரு கதையில், நரியைத் துரத்தும் ஊர்க்கூச்சலுக்கு உவமையாக. எனக்கு இதில் அவர்மேல் வருத்தம்தான்.

24 கதையோடு நூல் நின்றுவிட்டது; 1400இல் அவர் இறந்துவிட்டார். அந்த 29 பேரும் கான்டர்பரி போய்ச் சேரவே இல்லை. நீ ரயிலில் போய்விடலாம். சமாதியை 1538இல் எட்டாம் ஹென்றி இடித்துவிட்டான், அந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஒன்று எரியும். போனால் படம் அனுப்பு. ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
அம்மா