ஊருணியும் அன்லெஸ்ஸும்

காரைக்குடி,
ஐப்பசி

அன்பு நண்பனுக்கு,

நலம். ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. ஊருணியில் பாதிப் படிகள் வெளியே தெரிகின்றன.

எத்தனை முறை திருத்தினாலும் பேத்தி ஆங்கிலத்தில் ‘அன்லெஸ் இட் டஸ் நாட் ரெயின்’ என்றே எழுதுகிறாள் என்று வருத்தப்பட்டிருந்தாய். குறை அவளிடம் இல்லை. அன்லெஸ் என்றால் ‘ஆவிட்டால்’ என்று நாம்தானே மனப்பாடம் செய்ய வைக்கிறோம்? ‘பெய்யாவிட்டால்’ என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிள்ளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அன்லெஸ்ஸோடு தேவையில்லாத ஒரு ‘நாட்’டும் சேர்ந்துவிடுகிறது.

‘ஒழிய’ என்று சொல்லிக்கொடுத்துப் பார். ‘மழை பெய்தாலொழிய ஊருணி நிறையாது.’ பெய்தால் என்பது உடன்பாடு. எதிர்மறை ‘நிறையாது’ என்பதில் மட்டும். ஆங்கிலமும் அப்படியே: ‘அன்லெஸ் இட் ரெயின்ஸ், தி ஊருணி வில் நாட் ஃபில்.’ ‘வில்’ பின்பாதியில்தான் வரும். ‘அன்லெஸ் இட் வில் ரெயின்’ தவறு.

சொல்லின் பிறப்பும் இதற்குத் துணை. முன்னால் நிற்கும் ‘அன்’, அன்ஹேப்பியில் வரும் எதிர்மறை ‘அன்’ அன்று. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது ‘ஆன் லெஸ்’, அதாவது ‘இதற்குக் குறைந்த நிபந்தனையில்’. பிரெஞ்சில் இன்றும் ‘ஆ முவான் க’ என்று குறைவை வைத்தே சொல்கிறார்கள். நம் சந்தையில் ‘நூறுக்குக் குறைஞ்சா இல்லை’ என்கிறார்களே, அதே கணக்கு. அழுத்தமில்லாத ‘ஆன்’, எதிர்மறைப் பொருளின் சாயலில் ‘அன்’ ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

இஃப் நாட் வரும் இடமெல்லாம் அன்லெஸ் வராது. ‘அவன் வராவிட்டால் ஆச்சரியப்படுவேன்’ என்பதை ‘வந்தாலொழிய ஆச்சரியப்படுவேன்’ என்று மாற்றிச் சொல்லிப் பார், காதே ஒப்பாது. அங்கே இஃப் நாட் மட்டுமே.

ஆனால் ஓரிடத்தில், அன்லெஸ் சரியாக இருந்தும் ‘ஒழிய’ கைகொடுக்காது. ‘ஐ வில் கம் அன்லெஸ் இட் ரெயின்ஸ்’ என்பதில் பின்பாதி உடன்பாடு. அதற்கு ‘மழை வந்தால் தவிர, மற்றபடி வருவேன்’ என்று சொல்லிக்கொடு.

பத்து வாக்கியம் எழுதச் சொல், முதலில் தமிழில் ஒழிய போட்டு, பிறகு ஆங்கிலத்தில். தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்