எஞ்சின் எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க மசில் கார்கள் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்கள்) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'எஞ்சினில் உள்ள எண்ணும் காரின் எண்ணும் ஒத்திருந்தால் அது அசல்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பித்தான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். எண் பொறிக்கும் அச்சுகள் கடையில் கிடைக்கின்றன. அந்த எண் எப்போது, எங்கே இரும்பில் விழுந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வின் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை தரும் அடையாள எண். 17 இலக்க வின் 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எழுதியது. கிரைஸ்லர் கார்களில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971 மாடல்களில் 'ஆர்' என்றால் 426 ஹெமி எஞ்சின், 'வி' என்றால் மூன்று கார்புரேட்டர் கொண்ட 440 (இந்த எண்கள் கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு). ஃபோர்டிலும் ஐந்தாவது எழுத்துத்தான்; 1969 மஸ்டாங்கில் 'ஆர்' என்பது ராம் ஏர் (வெளிக்காற்றை நேரே எஞ்சினுக்குள் இழுக்கும் அமைப்பு) உள்ள 428 கோப்ரா ஜெட் எஞ்சின், 'இசட்' என்பது பாஸ் 429 எஞ்சின்.

செவர்லேயில்தான் சிக்கல். 1966 முதல் 1968 வரை செவர்லேயின் ஷெவெல் மாடலில் வேகமான வகையான எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 396-க்குத் தனி வரிசை உண்டு. வின் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்.எஸ். வெறும் கூடுதல் வசதியாகிவிட்டது. 1970 எஸ்.எஸ். 454-இன் வின்னும் ஷெவெலின் சாதாரண வகையான வி8 மாலிபு கூப்பேயின் வின்னும் 13637 என்றே தொடங்கும். மாலிபுவை எஸ்.எஸ். ஆக்கி விற்பவர்கள் குறிப்பாக இந்த ஆண்டுகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். 1972-இல் ஐந்தாவது இடத்தில் எஞ்சின் எழுத்து வந்தது. அங்கே 'டபிள்யூ' இருந்தால் 454. அந்த ஆண்டு ஷெவெலில் 454 எஸ்.எஸ்.ஸோடு மட்டுமே கிடைத்ததால் வின்னே சாட்சி. போன்டியாக் ஜி.டி.ஓ.வில் இது தலைகீழ்: 1964, 1965-இல் வின் எதுவும் சொல்லாது, 1966 முதல் 1971 வரை 242 என்று தொடங்கியாக வேண்டும், 1972-இல் மறுபடி மௌனம்.

வின் பேசாத இடத்தில் எஞ்சின் பிளாக்கைப் பேச வைக்க வேண்டும். செவர்லே வி8-இல் பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கோடு சேர்ந்த சிறு தட்டையான பரப்பு ஒன்று உண்டு. ஆல்டர்னேட்டரும் எண்ணெய்ப் பிசுக்கும் மறைத்திருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். எமரி பேப்பர், கம்பி பிரஷ் கூடவே கூடாது. தேட வந்த சாட்சியையே அவை அழித்துவிடும்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், தட்டையின் மேல் முன்னிருந்து பின்னாக ஓடும் நெருக்கமான நேர்க்கோடுகள் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும் புரோச்சிங் இயந்திரம் விட்ட தடம் அது. பிற்காலத்தில் பிளாக்கை பேசிங் செய்திருந்தால் (பட்டறையில் மேற்பரப்பை மறுபடி சீவிச் சமப்படுத்தியிருந்தால்) வளைவான வட்டக் கீறல்கள் இருக்கும், அல்லது தளம் கண்ணாடிபோல் வழவழக்கும். வழவழப்பான தளத்தில் பளிச்சென்று எண் இருந்தால், அது பேசிங்குக்குப் பின் அடித்தது. பேசிங் செய்து எண்ணே இல்லாமல் நிற்கும் பிளாக் மோசடி ஆகாது. நேர்மையான பட்டறை வேலையிலும் எண் போய்விடும். நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தத் தட்டையில் இரண்டு பொறிப்புகள் இருக்கும். டி0212சிஆர்வி (T0212CRV) என்றிருந்தால்: டோனாவாண்டா ஆலை, பிப்ரவரி 12, நான்கு கியர் ஷெவெலுக்கான எல்.எஸ்.6 வகை 454 எஞ்சின். இதை அடித்தது எஞ்சின் ஆலை. பக்கத்தில் உள்ள வின்னின் சுருக்கத்தை அடித்தது கார் பூட்டிய ஆலை. இரண்டு ஊர், இரண்டு கை, இரண்டு அச்சு. இரண்டும் ஒரே எழுத்து வடிவில், ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் அழகாக நின்றால் சந்தேகப்படுங்கள். போலி அடிப்பவர் ஒரே செட் அச்சில் இரண்டையும் முடித்துவிடுவார்.

அடுத்து தேதிகள். பிளாக்கை வார்த்த தேதி புடைப்பெழுத்தில் இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். 'பி 5 0' (B 5 0) என்றால் 1970 பிப்ரவரி 5. வார்த்த தேதி, எஞ்சின் பூட்டிய தேதி, காரின் பயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள சுவர்) உள்ள தகட்டுத் தேதி மூன்றும் இந்த வரிசையில்தான் வர வேண்டும். தகட்டில் '02டி' (02D) என்றால் பிப்ரவரி நான்காம் வாரம். மேலே சொன்ன எஞ்சினுக்கு அது பொருந்தும். பிப்ரவரியில் கட்டிய காரில் ஏப்ரலில் வார்த்த பிளாக் இருந்தால், மேலே எந்த எண் இருந்தாலும் அது அந்தக் காரோடு பிறந்ததல்ல. கியர்பாக்ஸ், பின் ஆக்சில், இன்டேக் மேனிஃபோல்டு தேதிகளையும் இப்படியே அடுக்கிப் பாருங்கள். எண்ணை மாற்றுவது எளிது, இத்தனை பாகங்களின் தேதிகளையும் பொருத்தித் தேடிப் பிடிப்பது கடினம். 'சி.இ.' என்று பொறித்த பிளாக் வாரன்ட்டியில் மாற்றித் தந்தது. அதில் காரின் எண் இருக்காது. அதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எஞ்சின் சரியாக இருந்தும் உடல் வேறாக இருக்கலாம். துருப்பிடித்த அசல் காரின் வின் தகட்டைக் கழற்றி நல்ல உடலில் மாட்டுவது உண்டு. அமெரிக்காவில் அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 1968 மாடல் முதல் ஜி.எம். கார்களில் தகடு ஓட்டுநர் பக்க டேஷ்போர்டில் கண்ணாடி வழியே தெரியும். அதைப் பிடித்திருப்பவை பூப்போல ஆறு இதழ் கொண்ட ரிவெட்டுகளாக இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றிக் கீறலோ பசையோ இருக்கக் கூடாது. அந்த ரிவெட்டுகளும் விலைக்குக் கிடைப்பதால் அதோடு நின்றுவிடாதீர்கள். மஸ்டாங்கில் முன் ஃபெண்டருக்கு அடியில் உள்தகட்டிலும், கிரைஸ்லர் கார்களில் ரேடியேட்டர் தாங்கியிலும் வின் பொறித்திருக்கும். அந்த இடத்தில் புது வெல்டிங் தெரிந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

காகிதங்கள் கடைசியில். ஷெவெலின் பில்ட் ஷீட் (எந்தெந்தப் பாகங்களைப் பூட்ட வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட தாள்) பெட்ரோல் டேங்கின் மேலோ பின்சீட் ஸ்பிரிங்கிலோ கிடைக்கலாம். அரை நூற்றாண்டு அங்கே கிடந்த காகிதத்தில் ஸ்பிரிங்கின் துரு பதிந்திருக்கும், மடிப்புகள் நைந்திருக்கும். வெள்ளை வெளேரென்று வந்தால் நம்பாதீர்கள். போன்டியாக்குக்கு பி.எச்.எஸ். நிறுவனம் தொழிற்சாலை பில்லின் நகலைத் தரும். 1967 முதலான ஃபோர்டுக்கு, தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரைக் கேட்காமல் நீங்களே வரவழையுங்கள்.

இனி இது பற்றி எழுதும்போது, 'எண்கள் ஒத்துப்போகின்றன' என்பதோடு நிறுத்தாமல், எந்த எண், எந்தப் பாகத்தில், எந்தத் தேதியோடு என்று குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்