பழுதான காருக்கு நஷ்டஈடு: கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது கார் சரியாக ஓடவில்லை, நுகர்வோர் ஆணையம் இத்தனை லட்சம் கொடுக்கச் சொல்லிவிட்டது என்று உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான், அந்தத் தொகை எப்படி வந்தது? நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பம்பர் நசுங்கினால்கூட எந்த பாகம், என்ன விலை, பிளாஸ்டிக்கா இரும்பா, தேய்மானம் எவ்வளவு கழிக்கணும், கூலி எவ்வளவு என்று வரி வரியாக எழுதினால்தான் எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு ரூபாய் பாஸ் ஆகும். பத்து லட்சம் ரூபாய் கார் விஷயத்தில் மட்டும் மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு என்று ரவுண்டாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆணையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கேட்கிறவர்களே கணக்கைக் கொடுப்பதில்லை.

நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான். புது கார் கொடு, இல்லாவிட்டால் முழுப் பணத்தைக் கொடு. கோபம் நியாயமானதுதான், ஆனால் அப்படிக் கேட்டால் உற்பத்தியிலேயே குறைபாடு இருந்தது என்று நிரூபித்தாக வேண்டும், அதுவும் சாதாரண ரிப்பேரில் சரியாகாத குறைபாடு என்று. 2006-ல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. பழுதான பாகத்தை மாற்றித் தருவோம் என்பதுதான் வாரண்டி, அதை வைத்து முழு காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஆனால் வாங்கியவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை, பட்ட கஷ்டத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இந்தப் பின்பாதியை யாரும் கவனிப்பதில்லை.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 59-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்றவர் கொடுத்த உத்தரவாதம் பொய்த்துவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். அதாவது நல்ல நிலையில் இருந்திருந்தால் இந்த கார் என்ன பெறும், இந்தக் கோளாறோடு என்ன பெறும், அந்த வித்தியாசம் வாங்கியவருக்குச் சேர வேண்டிய பணம். இதைச் சந்தையிலேயே அளக்க முடியும். பழைய கார் வாங்கி விற்கும் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி, அதே மாடல், அதே வருஷம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய நல்ல கார் என்ன விலைக்குப் போகிறது என்று பக்கத்தில் வைத்தால் போதும். முதல் வருஷத்திலேயே கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய காரை அவர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். "முழு விலை, அது முடியாது என்றால் இந்த விலை வித்தியாசம்" என்று மாற்றுக் கோரிக்கையாக மனுவிலேயே சேர்த்துவிட வேண்டும். உங்கள் வக்கீல் சேர்க்கவில்லை என்றால் நீங்களே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் முழுப் பணம் என்றால் எந்தப் பணம்? இன்வாய்ஸில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. நம் கையைவிட்டுப் போனது ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023-ல் வரியை ஏற்றியபிறகு பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி மட்டும் 18 சதவீதம், 12 லட்சம் காருக்கு அதுவே 2 லட்சத்துக்கு மேல். அதோடு இன்சூரன்ஸ், பேங்க் கடன் வட்டி. ஷோரூம் விலையை மட்டும் திருப்பிக் கொடு என்று உத்தரவு வந்தால் இதெல்லாம் வாங்கியவர் தலையில்தான். கேட்டால் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 2010-ல் ஃபியட் கார் வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பரிசோதித்து உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் விலையோடு ஆயுட்கால வரி, இ.எம்.ஐ. எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. (நிபுணர் என்றால் ஷோரூம்காரர்கள் அனுப்பும் இன்ஜினியர் இல்லை.)

கம்பெனி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, காரை ஓட்டியிருக்கிறீர்களே, அந்த உபயோகத்துக்குக் கழிக்க வேண்டாமா என்பார்கள். சரி, கழிக்கலாம். எவ்வளவு? இன்சூரன்ஸில் காரின் மதிப்பை அதன் வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடும் ஐ.டி.வி. அட்டவணைப்படி ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வருஷம் வரை 30 சதவீதம் கழியும். இது திருட்டுக்கும் டோட்டல் லாஸுக்கும் (ரிப்பேர் செய்து கட்டுப்படியாகாத அளவுக்கு கார் நாசமானால்) போட்ட கணக்கு. இதை இங்கே கொண்டுவந்தால் வழக்கு இழுக்க இழுக்க எதிர்தரப்புக்கு லாபம், வாய்தா வாங்குவதற்கே சம்பளம் கொடுத்த மாதிரி. கலிபோர்னியாவில் 1970 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, அதில் கணக்கு வேறு. அந்தக் கோளாறுக்காக முதல்முறை சர்வீஸுக்கு விடும்வரை ஓடிய மைல்களை 1,20,000-ஆல் வகுத்து, விலையில் அந்தப் பங்கை மட்டும்தான் கழிக்க முடியும். 3,000 கிலோமீட்டரில் முதல் புகார் என்றால் பத்து லட்சம் காருக்கு ஏறக்குறைய 15,500 ரூபாய்தான் வரும். அதற்குப் பிறகு ஓடியது கம்பெனி கணக்கு, ஏனென்றால் அப்போதே சரி செய்திருக்க வேண்டும். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலையைத் திருப்பித் தரச் சொல்ல இடம் இருக்கிறது, பொருளை மாற்றித் தரச் சொல்ல இடம் இருக்கிறது, ஆனால் இப்படி ஒரு சூத்திரம் இல்லை. விதிகளில் சேர்த்தால் பாதி வாதம் குறையும்.

அலைந்த செலவும் சட்டப்படி கேட்கக்கூடியதுதான். கார் சர்வீஸ் சென்டரில் கிடந்த நாட்களுக்கு டாக்ஸி பில், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம். ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க நமக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, ஹேட்ச்பேக் பழுதானதற்கு இன்னோவா வாடகை பில் வைத்தால் செல்லாது. 2022-ல் விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டா கார் வழக்கில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு என்று 2 லட்சம், மன உளைச்சலுக்குத் தனியே 50,000, வழக்குச் செலவு 50,000, காரையும் மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பாருங்கள், அங்கே தலைப்பு தலைப்பாகப் பிரித்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் ஜாப் கார்டு, அதாவது சர்வீஸுக்கு விடும்போது நம் புகாரை எழுதித் தரும் சீட்டு. என் உறவினர் ஒருவர் கார் கிளட்ச் பழுதுக்காக ஒவ்வொரு முறை போகும்போதும் ஷோரூமில் "ஜெனரல் செக்கப்" என்றே எழுதிக் கொடுத்தார்கள், கிளட்ச் என்ற வார்த்தையே காகிதத்தில் இல்லை. நீங்கள் சொன்ன புகாரை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அன்றைக்கே மெயில் போடுங்கள். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இன்னும் ஒரு சர்வீஸ் பார்க்கலாம் சார் என்று இழுத்தடிப்பதில் அது கழிந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு உத்தரவைச் செய்தியாகப் போடும்போது மொத்தத் தொகையை மட்டும் தலைப்பில் போடாமல், விலைக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, உபயோகத்துக்குக் கழித்தது எவ்வளவு, வட்டி எந்தத் தேதியிலிருந்து என்று பிரித்துப் போடுங்கள். அடுத்து மனு எழுதப் போகிறவர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாகன சர்வேயர்,
திருச்சி.