தன்னைப் பேணுவது மட்டுமா தத்துவம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தத்துவத்தை ஆன்மிகப் பயிற்சியாக, அதாவது ஒருவன் தன் பார்வையையும் வாழ்வையும் மாற்றிக்கொள்ளும் பயிற்சியாகக் கண்ட நவீனப் பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பியேர் ஹதோவைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி. ஆனால் கட்டுரை போய்ச் சேரும் இடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஹதோவும் மிஷல் ஃபூக்கோவும் சொன்னது ஒன்றேதான், 'உன்னை நீயே செதுக்கிக்கொள்' என்பதுதான் அது என்று கட்டுரையாளர் முடிக்கிறார். போதாக்குறைக்கு, அலுவலகத்தில் கோபத்தை அடக்கவும் இரவில் நிம்மதியாகத் தூங்கவும் பழங்கிரேக்க, ரோமானியத் தத்துவப் பள்ளியினரான ஸ்டாயிக்குகள் எப்படி உதவுவார்கள் என்று ஒரு பெட்டிச் செய்தியும் சேர்த்திருக்கிறீர்கள். ஹதோ எதை மறுத்து எழுதினாரோ அதையே அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

ஹதோ வாழ்க்கைக்கு வழிகாட்டி எழுதக் கிளம்பியவர் அல்லர். 1922-இல் பாரிசில் பிறந்து ரெய்ம்ஸ் நகரில் வளர்ந்தவர். 1944-இல் கத்தோலிக்கக் குருவாகி, 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பணியை விட்டு வெளியேறியவர். பிழைப்பு முழுக்கப் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைப் பதிப்பிப்பதும் மொழிபெயர்ப்பதும் உரை எழுதுவதும்தான். அந்த வேலையில் அவரை உறுத்திய சிக்கல் ஒன்று உண்டு. பழந்தத்துவ நூல்கள் ஏன் இப்படிக் கோர்வையில்லாமல் இருக்கின்றன? ஏன் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன, ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் ஏன் மறுக்கின்றன? ஒழுங்காக எழுப்பிய கோட்பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு அவை மோசமாக எழுதப்பட்ட புத்தகங்கள். ஹதோ கண்ட விடை எளியது. அவை தகவல் தர எழுதப்பட்டவை அல்ல. எதிரே அமர்ந்திருக்கும் மாணவனை உருவாக்க எழுதப்பட்டவை. அவன் இன்று எந்தப் படியில் நிற்கிறானோ அதற்கேற்பப் பேச்சு மாறும். 1977-இல் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற கட்டுரையிலும் 1981-இல் வந்த நூலிலும் அவர் விரித்தது இதைத்தான்.

ஸ்டாயிக் பள்ளியைப் பின்பற்றிய ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையாளர் அதை 'ஒரு பேரரசரின் அந்தரங்க நாட்குறிப்பு' என்கிறார். ஆறாம் பகுதியில் புகழ்பெற்ற ஒரு குறிப்பு வருகிறது: இந்தச் சுட்ட இறைச்சி ஒரு மீனின் அல்லது பறவையின் பிணம், இந்த ஃபலேர்னிய உயர்தர மது திராட்சைச் சாறு, இந்தச் செந்நீல ஆடை சிப்பியின் இரத்தத்தில் தோய்த்த ஆட்டு மயிர். நவீன அறிஞர்கள் சிலர் இத்தகைய வரிகளைப் படித்துவிட்டு, எழுதியவர் விரக்தியின் விளிம்பில் இருந்தார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வயிற்றுப் புண் என்று நோய் கண்டவரும் உண்டு, அபின் பழக்கம் என்று எழுதியவரும் உண்டு. ஹதோ இந்த ஊகங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு வரியைத் திரும்பப் படித்தார். பேரரசருக்குரிய அந்தச் செந்நீல ஆடையை உடுத்தியிருப்பவரே அதை எழுதுகிறார். பொருள்களின் மீது நாம் ஏற்றி வைத்த மதிப்பைக் கழற்றிவிட்டு உள்ளதை உள்ளபடி பார்ப்பது ஸ்டாயிக் பள்ளியில் சொல்லித்தந்த பயிற்சி. டான்யூப் கரைப் போர் முகாமிலும் அந்தப் பாடத்தைத் தனக்குத்தானே மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்கிறார் அவர். அங்கே கொட்டித் தீர்த்த மனநிலை எதுவும் இல்லை. தன்னைப் பற்றிய அந்தரங்கமும் வியக்கத்தக்க அளவு குறைவு.

இனி ஃபூக்கோ. அவரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உண்மையை அடைய ஒருவன் தன்னையே எந்த அளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று 1981-82 விரிவுரைகளில் அவர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. பாரிசின் உயர் கல்வி நிறுவனமான கொலேஜ் த ஃபிரான்சில் ஹதோவை இடம் கோரும்படி தூண்டியவரும் அவரே. 1982-இல் ஹதோ அங்கு தேர்வானார். ஆனால் இருவருக்கும் இடையில் இருந்த பிளவு சின்னது அல்ல. ஃபூக்கோவின் பார்வையில் பழங்காலத்தவரின் பயிற்சிகள் தன் வாழ்வைத் தானே ஒரு கலைப்படைப்பாக ஆக்கிக்கொள்ளும் முயற்சிகளாகத் தெரிந்தன. இது அழகுணர்ச்சியை மையமாக்கிய புதுவகை மிடுக்கில் போய் முடியும் என்று ஹதோ அஞ்சினார். ரோமானிய ஸ்டாயிக் தத்துவவாதி செனெகா மகிழ்ச்சி அடைவது செனெகாவிடத்தில் அல்ல, தனக்குள் இருந்தாலும் தன்னைக் கடந்த, எல்லோருக்கும் பொதுவான அறிவிடத்தில் என்று சுட்டிக்காட்டினார். தன்னை நோக்கித் திரும்புவது முதல் பாதிதான். தன்னைவிடப் பெரிய முழுமையின் ஒரு துளியாகத் தன்னை உணர்வது அடுத்த பாதி. அந்த அடுத்த பாதியை உங்கள் கட்டுரை அறவே விட்டுவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் விஷயத்திலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. டெகார்ட்டோடு தத்துவத்திலிருந்து பயிற்சி விலகியது என்றார் ஃபூக்கோ. ஹதோ, டெகார்ட் தம் நூலுக்குத் தியானங்கள் என்றே பெயர் வைத்ததை நினைவூட்டினார். முதல் தியானத்தில் உள்ளதை அசைபோட வாசகர்கள் சில மாதங்களோ, குறைந்தது சில வாரங்களோ செலவிட வேண்டும் என்று டெகார்ட்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். 1984-இல் ஃபூக்கோ மறைந்ததால் இந்த உரையாடல் பாதியில் நின்றது பெரும் இழப்பு.

முழுமை என்று ஹதோ சொல்வது வெறும் ஏட்டுச் சொல்லும் அல்ல. ரெய்ம்சில் சிறுவனாக இருந்தபோது பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில், இருட்டிவிட்ட வானத்தில் விண்மீன்களைப் பார்த்து, அச்சமும் இன்பமும் கலந்த ஒரு நடுக்கம் தம்மை ஆட்கொண்டதாக அவர் பின்னாளில் நேர்காணல் நூலில் சொன்னார். உலகம் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன் என்ற திகைப்பு அது. அந்த அனுபவத்துக்கும் தாம் கற்ற கிறிஸ்தவத்துக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதற்குப் பெயர் தேடியபோது, பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து 1927-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில் கையாண்ட 'கடலுணர்வு' (எல்லையற்ற ஒன்றில் கலந்திருக்கும் உணர்வு) என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். ராமகிருஷ்ணரின் வரலாற்றை எழுதியவர் அந்த ரோலந்து.

'இதெல்லாம் சொந்த மன அமைதிக்கு, சமூகத்துக்கு இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களுக்கும் ஹதோவின் 1977 கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. அவர் அதைத் தொடங்குவது தொழிலாளர் உழைப்பை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜார்ஜ் ஃப்ரீட்மன் எழுதிய வரிகளோடு. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பிரான்சில், 1942-இல் எழுதிய குறிப்பு அது. நாள்தோறும் ஒரு கணமாவது மேலே எழ வேண்டும், நாள்தோறும் ஓர் ஆன்மிகப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறார். புரட்சிக்கான ஏற்பாட்டில் மூழ்கியவர்கள் பலர், அந்தப் புரட்சிக்குத் தகுதியானவர்களாகத் தம்மை ஆக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் மிக மிகச் சிலர் என்றும் எழுதுகிறார். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த மனிதரின் சொற்கள் இவை. அலுவலகக் கோபத்தை அடக்கும் உபாயமாக இதை என்னால் படிக்க முடியவில்லை.

உங்கள் கட்டுரையில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்யின் பெயரே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். தத்துவ ஆசிரியையாக இருந்தவர், 1934 இறுதியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலைக் கூலியாகப் போய், ரெனோ கார் ஆலை உட்பட மூன்று தொழிற்சாலைகளில் தீராத தலைவலியோடு இயந்திரங்களின் முன் நின்றார். 1942-இல் மாணவர்களுக்காக அவர் எழுதிய சிறு கட்டுரை கவனத்தைப் பற்றியது. ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் போராடியும் விடை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வீண் போகவில்லை என்கிறார் வெய். கவனிக்கும் ஆற்றல் வளர்ந்திருக்கிறது, கணக்கோடு தொடர்பே இல்லாத வேறோர் இடத்தில் அது பலன் தரும். எந்த இடத்தில்? துன்பப்படும் ஒருவர் முன் நின்று 'உனக்கு என்ன வேதனை?' என்று கேட்டு, சொல்வதைக் கேட்கும் இடத்தில். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் மிக அரிது என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டே, 34 வயதில், இங்கிலாந்தில் இறந்துபோனார்.

'இதெல்லாம் நம் நாட்டில் என்றோ சொல்லியாகிவிட்டது' என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதுகிறார். ஹதோ இதில் நம்மைவிட நிதானமாக நடந்துகொண்டார். ஒப்பீடுகளை நெடுங்காலம் நம்பாமல் இருந்து, 1995-இல் வந்த நூலின் முடிவில்தான் கீழை மரபுகளோடு வியப்பூட்டும் ஒற்றுமைகள் இருப்பதை ஒப்புக்கொண்டார். அந்த ஒற்றுமைகளைப் பேசுவோம். ஆனால் முதலில் இரு பக்கத்தையும் படித்துவிட்டுப் பேசுவோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஹதோவின் 1977 கட்டுரையிலிருந்து சில பக்கங்களையாவது, உரிய அனுமதி பெற்று, ஆங்கில வழியாக அல்லாமல் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கி வெளியிடுங்கள். அதைச் செய்யக்கூடியவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். அதோடு வெய்யின் கட்டுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறியதுதான், ஓர் இதழிலேயே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்