முதல் பக்கத்தில் 'உண்மை' என்று அச்சிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், மர்ம நாவலும் சரித்திர நாவலும் எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

எந்தப் புத்தகத்தையும் தடை செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. 2006இல் 'தி டா வின்சி கோட்' திரைப்படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நீதிமன்றம் செய்தது சரி என்றுதான் ஒரு கத்தோலிக்கனாக நான் நினைக்கிறேன். ஒரு கதையைப் பார்த்து ஆட்டம் காணும் விசுவாசம் இருந்தால் என்ன, போனால் என்ன?

என் வழக்கு கதையோடு இல்லை. கதைக்கு முன்னால் வரும் ஒரு பக்கத்தோடுதான். அந்தப் படத்துக்கு மூலமான, 2003இல் வெளியான டான் பிரவுனின் நாவல், 'உண்மை' என்ற தலைப்பிட்ட ஒரு பக்கத்தோடு தொடங்குகிறது. சீயோன் மடம் என்ற இரகசியச் சங்கம் 1099இல் நிறுவப்பட்ட நிஜ அமைப்பு என்கிறது அந்தப் பக்கம். ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் பற்றி நாவலில் வரும் வருணனைகள் எல்லாம் துல்லியமானவை என்றும் சொல்கிறது. பாத்திரம் பொய் சொல்லலாம், அதற்குத்தான் பாத்திரம். ஆசிரியர் தன் பொறுப்பில், கதை தொடங்கும் முன்பே கொடுக்கும் வாக்குமூலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தச் சங்கத்தை 1956இல் பதிவு செய்தவர் பியேர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர். அதன் 'பழம்பெரும்' ஆவணங்கள் 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட போலிகள். நாவலை நம்பி வந்தவர்களுக்காக, பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில், தரையில் பதித்த ஒரு கோட்டைப் பற்றி, 'இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய கோயிலின் மிச்சம் அல்ல' என்று அறிவிப்பே வைக்க வேண்டியதாயிற்று.

பாரிஸ் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். சாந்தோம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். "நிசேயாவில் ஓட்டெடுத்துத்தானே சார் இயேசுவைக் கடவுள் ஆக்கினார்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் அந்த நாவலைத் தொட்டதுகூட இல்லை. கதை மறந்துபோகிறது, 'தகவல்' மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 325இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் எழுந்த வழக்கு, மகன் தந்தைக்கு நிகரானவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பது. எதிர்த்தரப்பில் நின்ற ஆரியுஸ்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொன்னவர் இல்லை. கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். நாவலில் வரும் அறிஞரோ அதை நெருக்கமான வாக்கெடுப்பு என்கிறார்! நிசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112இல், பிளினி என்ற உரோமை ஆளுநர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அவர் நம் ஆள் அல்லர். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர்.

மகதலா மரியா விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். இயேசுவைப் பின்பற்றிய அந்தப் பெண்ணை அவருடைய மனைவி என்கிறது நாவல். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் 'பிலிப்பு நற்செய்தி' ஒன்று. இயேசு மரியாவை அடிக்கடி முத்தமிட்டதாக வரும் இடத்தில் பாப்பிரஸ் சிதைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. எங்கே முத்தமிட்டார் என்ற சொல் அந்த ஓட்டையோடு போய்விட்டது. நெற்றியாக இருக்கலாம், கன்னமாக இருக்கலாம், வாயாகவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி இல்லை. பதிப்பித்த அறிஞர்கள் அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு, தங்கள் ஊகத்தை ஊகம் என்றே காட்டுகிறார்கள். நாவலில் ஓட்டையும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. 'வாயில்' என்று வாக்கியம் முழுசாக வருகிறது. ஒரு மர்மக் கதைக்காரருக்கு அந்த ஓட்டையைவிட நல்ல மர்மம் எங்கே கிடைக்கும்? அதையல்லவா பூசி அடைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்ததில் எங்கள் திருச்சபையும் சளைத்ததில்லை. நற்செய்தியில் பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணையும் மகதலா மரியாவையும் 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் ஒருவராக்கினார். வழிபாட்டு நாள்காட்டி திருந்தியது 1969இல். இவ்வளவு தாமதித்துவிட்டு, திருச்சபை எதையோ மறைக்கிறது என்று ஒருவர் கதை கட்டும்போது நாங்கள் பதறுவதில் பொருளில்லை.

நம் ஊருக்கே வருகிறேன். பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையை இயேசுவின் சீடர் தோமையாரே செதுக்கினார் என்பது மரபு. அதைச் சுற்றிப் பொறித்திருப்பதோ பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. அறிஞர்கள் கணிக்கும் காலம் தோமையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. திருவள்ளுவர் கதை இதைவிடச் சுவையானது. 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ ஆசிரியர்களோடு உலாவுவதாகக் கற்பனை செய்து பார்த்தார். பிற்காலத்தில் அந்த உலாவலே வளர்ந்து, வள்ளுவர் தோமையாரின் சீடர் என்று சிலர் சாதிக்கும் அளவுக்குப் போனது. ஆதாரம்? ஒரு கல்வெட்டு இல்லை, ஒரு சுவடி இல்லை. இதை வைத்து நாவல் எழுதுங்கள், முதல் ஆளாக வாங்குகிறேன். வரலாறு என்று எழுதாதீர்கள். எங்கள் ஆட்கள் எழுதினாலும் இதையேதான் சொல்வேன்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். 'பொன்னியின் செல்வ'னில் கல்கி நடுவில் கதையை நிறுத்தி, திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதை எடுத்துக்காட்டுவார். தொடர் முடிந்தபோது வாசகர்களின் கேள்விகளுக்கு முடிவுரையே எழுதினார். ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி கல்கியின் படைப்பு. இவ்வளவு நேர்மையாக எழுதியும் நந்தினியை நிஜம் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படியிருக்க, 'எல்லாம் உண்மை' என்று முன்பக்கத்திலேயே அடித்துச் சொன்னால் வாசகர் என்ன செய்வார், பாவம்.

நான் கேட்பது இரண்டு பக்கப் பின்னுரை. எது ஆவணம், எது மரபு, எது உங்கள் சரக்கு என்று அதில் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பு நாவலானால் உரிமை வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் குறிப்புக்கும் சேர்த்து அனுமதி வாங்கிவிடுங்கள். அட்டையில் 'அதிர வைக்கும் உண்மைகள்' என்று போடும் முன், அது எந்த உண்மை என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் இத்தகைய நாவல்களை வரலாற்று நூல்களோடு கலந்து அடுக்காதீர்கள். விற்பனை குறையுமோ என்று பயப்பட வேண்டாம். முடிவுரை இருப்பதால் 'பொன்னியின் செல்வன்' விற்காமல் கிடக்கவில்லை.

திருச்சபை வரலாறு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் பிழை சொல்ல ஆள் வேண்டுமானால், என்னைப் போல நாலு பேர் மயிலாப்பூரிலேயே இருக்கிறோம். பணம் வேண்டாம். புத்தகம் வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்,
சாந்தோம், சென்னை-4